குழந்தையின் பேச்சும் வகுப்பறையின் தீர்ப்பும்

மொழிக்கும் சமூகத்துக்கும் சிந்தனைக்கும் உள்ள உறவைக் கற்பிக்கும் பாடத்தாள் ஒன்று பல்கலைக்கழக மொழியியல் துறைகளில் பெரும்பாலும் இருக்கும். அமெரிக்கரான பெஞ்சமின் லீ வோர்ஃபின் கருத்திலிருந்து அது தொடங்கும். ஒருவர் பேசும் மொழியே அவர் உலகைக் காணும் விதத்தை வடிவமைக்கிறது என்பது அக்கருத்து. ஹோப்பி பழங்குடியினர் காலத்தை எவ்வாறு குறிக்கின்றனர், எந்த மொழியில் எத்தனை நிறப்பெயர்கள் உள்ளன என்று பாடம் நகரும். சுவையான செய்திகள்தாம். ஆனால், தலைப்பில் இடம்பெற்ற ‘சமூகம்’ பல வேளைகளில் தலைப்போடு நின்றுவிடுகிறது.

உழைக்கும் மக்களை நேரடியாகத் தொடும் கேள்வி ஒன்று இந்தத் தாளுக்குள் இருக்கிறது. மொழி சிந்தனையை வடிவமைக்கிறது என்றால், ‘கொச்சையாக’ப் பேசும் குழந்தையின் சிந்தனையும் குறையுடையதா? நம் பள்ளிகளில் இதற்கு ‘ஆம்’ என்ற விடை, கேள்வி கேட்கப்படாமலேயே, நாள்தோறும் வழங்கப்படுகிறது. ஆசிரியரின் மொழி புரியாமல் வாய் திறவாதிருக்கும் ஆதிவாசிக் குழந்தை ‘மந்தம்’ எனப் பெயர் பெற்றுவிடுகிறது.

1960களில் பிரிட்டனில் பேசில் பெர்ன்ஸ்டைன், தொழிலாளர் குடும்பங்களின் பேச்சு சூழலைச் சார்ந்து சுருங்கி நிற்பது என்றும், நடுத்தர வர்க்கத்தின் பேச்சு சூழலுக்கு வெளியேயும் விளங்கும்படி விரித்துரைப்பது என்றும் வகைப்படுத்தினார். வர்க்க ஏற்றத்தாழ்வு பள்ளியில் எவ்வாறு மீண்டும் மீண்டும் உருவாக்கப்படுகிறது என்பதே அவரது ஆய்வு. ஆயினும், கறுப்பினக் குழந்தைகள் ‘மொழி வறுமை’யோடு பள்ளிக்கு வருகின்றனர் என்று அமெரிக்காவில் பேசியவர்களுக்கு அவரது சொற்கள் வசதியாகக் கைகொடுத்தன. வில்லியம் லபோவ் 1969இல் இதற்கு விடையளித்தார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் நேர்காணலில் ஓரிரு சொற்களுக்கு மேல் பேசவில்லை. அடுத்த முறை, நேர்காண்பவர் உருளைக்கிழங்கு வறுவலோடு சென்றார். சிறுவனின் உற்ற நண்பனை உடன் அழைத்துக்கொண்டார். தரையில் அமர்ந்தார். இப்போது சிறுவர்கள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு பேசினர். மாறியது அச்சிறுவனின் மூளை அன்று. அறையில் நிலவிய அதிகார உறவே மாறியது.

இடதுசாரிகள் இங்கே தங்கள் வீட்டுக் கணக்கையும் பார்த்தாக வேண்டும். சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1931, 1932 ஆண்டுகளில் உஸ்பெக்கிஸ்தானில் கள ஆய்வு நடத்தினார். சுத்தியல், வாள், கோடரி, மரக்கட்டை ஆகியவற்றில் சேராத ஒன்றைச் சொல்லுமாறு கேட்டபோது, எழுத்தறியாத உழவர்கள் எதையும் விலக்க மறுத்தனர். கட்டை இல்லையென்றால் வாளுக்கு என்ன வேலை? வடதுருவக் கரடியின் நிறத்தை இரு கூற்றுகளிலிருந்து ஊகிக்கச் சொன்னால், நேரில் பார்த்தவரைக் கேளுங்கள் என்றனர். பள்ளிக் கல்வியும் கூட்டு உழைப்பும் சிந்தனையின் வடிவத்தை மாற்றுகின்றன என்று லூரியா முடிவு செய்தார். சிந்தனை முறை இனத்திலோ மொழியிலோ உறைந்து கிடப்பதில்லை, வாழ்வு மாறினால் அதுவும் மாறும் என்ற அளவில் இது பொருள்முதல்வாத முடிவே. ஆனால், பள்ளி விளையாட்டின் விதிகளை அறியாதவரிடம் அந்த விளையாட்டையே அளவுகோலாக நீட்டுவது நியாயமா என்ற கேள்வியும் நிற்கிறது. அன்றைய சோவியத் ஒன்றியத்தில் இந்த ஆய்வு தேசிய இனங்களை இழிவுபடுத்துவதாகத் தாக்கப்பட்டது. நூலாக வெளிவந்தது 1974இல்தான். விவாதித்திருக்க வேண்டிய ஒன்றை முடக்கி வைத்ததால் யாருக்கும் நன்மை விளையவில்லை.

இந்தியச் சான்று இன்னும் கூர்மையானது. உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூர் மாவட்டத்தில் உள்ள கலாப்பூர் என்னும் ஊரை ஆராய்ந்து ஜான் கம்பர்ஸ் 1958இல் கட்டுரை வெளியிட்டார். தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சாதியினரின் உச்சரிப்பு ஏனையோரிடமிருந்து வேறுபட்டிருந்தது. இத்தனைக்கும் அவர்கள் ஆதிக்க சாதியினரின் வயல்களிலும் வீடுகளிலும் நாள் முழுவதும் உழைத்தவர்கள்; பேச்சைக் கேட்காதவர்கள் அல்லர். வேலைத் தொடர்பு பேச்சை ஒன்றாக்கவில்லை, சமமாக அமர்ந்து பழகும் நட்புறவே ஒன்றாக்குகிறது என்று கம்பர்ஸ் கண்டார். அந்த நட்புறவைத்தான் சாதி தடுத்தது. வர்க்கத்துக்கு ஒரு மொழி என்பதில்லை என்று 1950இல் மார் கோட்பாட்டுக்கு எதிராக ஸ்டாலின் எழுதியது சரியே. ஆனால், ஒரே மொழிக்குள் யாருடைய உச்சரிப்பு ‘சரி’ என்பது அதிகாரத்தின் கேள்வி. சொல்லுக்குள்ளேயே வர்க்கப் போராட்டம் நடக்கிறது என்று வோலோஷினோவ் 1929இலேயே சுட்டிவிட்டார். கலாப்பூரில் அது சாதியின் உருவில் நின்றது.

இன்று பாடத்திட்டங்கள் எந்தத் திசையில் தள்ளப்படுகின்றன? மொத்தப் பாட அலகுகளில் குறைந்தது 5 விழுக்காடு இந்திய அறிவு மரபுக்கு அமைய ஊக்குவிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் வழிகாட்டியது. பாணினி மாபெரும் இலக்கணியர், அதில் ஐயமில்லை. ஆனால், அரசனும் அந்தணனும் பெரும்பாலும் சமஸ்கிருதம் பேச, பெண்களும் பணியாளரும் பிராகிருதம் பேசுமாறு நாடகத்துக்கே விதி வகுத்த சமூகத்தைப் பற்றியும் அப்பாடம் பேசுமா? 24,821 பேர் தாய்மொழியாகப் பதிவு செய்த சமஸ்கிருதம் எட்டாவது அட்டவணையில் இருக்கிறது. ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் பீலி மொழியும், ஏறத்தாழ 30 லட்சம் பேரின் கோண்டியும் அதில் இல்லை. ஐந்து கோடிப் பேரின் போஜ்புரி இந்தியின் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது. இவையனைத்தும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள். எது மொழி, எது வெறும் ‘வட்டார வழக்கு’ என்பதை மொழியியல் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இவற்றைவிட நல்ல பாடநூல் தேவையில்லை.

ஆகவே இந்தத் தாள் முதுகலை மொழியியல் மாணவர் சிலருக்கு உரிய அலங்காரமாக முடங்கக் கூடாது. ஆசிரியர் பயிற்சிக் கல்வியில் இது கட்டாயப் பாடமாக வேண்டும், அதுவும் களப்பணியோடு. குழந்தையின் தாய்மொழியில் இயன்றவரை கற்பிக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு சொல்கிறது. ‘இயன்றவரை’ என்ற அந்தச் சொல்லுக்குள்தான் அரசுகள் ஒளிந்துகொள்கின்றன. ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் எழுப்ப வேண்டிய கோரிக்கை இது.

களம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒடிசாவின் பலாங்கீர் பகுதியிலிருந்து திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்குத் தொழிலாளர் குடும்பங்கள் வருகின்றன. அவர்களின் பிள்ளைகள் வீட்டில் பேசுவது சம்பல்புரி. சொந்த மாநிலத்தில் அது ஒடியாவின் வழக்கு என்று ஒதுக்கப்படுகிறது. இங்கே அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழும் தெரியாது. அப்படியொரு பிள்ளை தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றில் வந்து அமர்ந்து, கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் இருந்தால், ஆசிரியர் தம் பதிவேட்டில் என்ன எழுதுவார்?