வேதம் வேறு, வியாக்கியானம் வேறு

வேத வாக்கியங்களுக்கு மறைபொருள் கூறுவோர் பலர். அதற்கு ஆதாரம் யாதென வினவுவோரோ மிகச் சிலர். இதனால் விளையும் கேட்டிற்கு ஒரு சான்று காண்மின்.

அமெரிக்காவில் ஹெரால்டு கேம்பிங் என்னும் வானொலிப் போதகர் இருந்தார். நோவாவுக்கு ஆண்டவர் குறித்த ஏழு நாள், ஏழாயிரம் ஆண்டைக் குறிக்கும் என்றார் அவர். ஜலப்பிரளயம் கி.மு. 4990இல் நிகழ்ந்ததெனத் தாமே கணித்து, 2011 மே 21ஆம் நாளே நியாயத்தீர்ப்பு நாளெனப் பறைசாற்றினார். ஐந்து பாவநிவர்த்தியாம், பத்து முழுமையாம், பதினேழு பரலோகமாம்! 1994இல் அவர் குறித்த காலம் முன்னரே பொய்த்திருந்தும், அடியார் கண் திறக்கவில்லை. சிலர் வேலையைத் துறந்தனர். சிலர் சேமித்த பொருளையெல்லாம் விளம்பரத்திற்கு ஈந்தனர். அந்நாளும் வந்தது; வந்தவாறே சென்றது. 2012இல் போதகர் தம் பிழையை ஒப்புக்கொண்டார். ஏழைகள் இழந்த பொருளை மீட்டுத் தந்தவர் யார்?

இயேசுவும் உவமைகளாற் பேசினாரன்றோ எனின், பேசினார். விதைப்பவன் உவமைக்கு அவரே பொருளும் விளக்கினார். உவமையை உவமையாகக் கொள்வது அறிவு. வெறும் எண்ணினுள் இல்லாத பொருளைப் புகுத்துவது மயக்கம்.

பெரோயா பட்டினத்தார் பவுலின் போதனையையே நாள்தோறும் வேதத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களைப் புகழ்கின்றது. பவுலை ஆராயலாம், நம் போதகரை மட்டும் ஆராயலாகாதோ? கேளுங்கள், கேட்பது பாவமன்று!