கண்ணை மூடச் சொல்லாதீர்கள்

செவிப்புலன் குறைந்த மாணவிக்கு உடற்கல்விப் பாடவேளையில் பெரும்பாலும் ஒரு வாங்குதான் கிடைக்கும். "நீங்க இருங்க மகள்" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த அன்பைப் பற்றியே எனது முறைப்பாடு.

நான் இரு காதுகளிலும் கருவி அணிபவள். அதைக் கழற்றினால் காலி வீதியின் பஸ் ஹோர்ன் கூட எனக்குக் கேட்காது. இரண்டு வருடங்களாக யோகா பழகி வருகிறேன். முதலில் சேர்ந்த வகுப்பில், இறுதியாக வரும் சவாசனத்தின்போது எல்லோரையும் கண்களை மூடச் சொல்லிக் குரலால் வழிநடத்தினார்கள். நானும் மூடினேன். திறந்து பார்த்தபோது மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்!

இதனால் யோகா எம்மைப் போன்றவர்களுக்கு உரியதல்ல என்று எண்ணிவிடக் கூடாது. மூச்சுக்கும் முதுகெலும்புக்கும் சத்தம் தேவையில்லை. கற்பிக்கும் முறைதான் குரலை நம்பியிருக்கிறது. தலை கீழே குனிந்திருக்கும்போது "இடது காலை முன்னே வையுங்கள்" என்றால், நான் யாருடைய உதட்டைப் பார்ப்பது? குனிந்தால் கருவி நழுவும்; காது பாயில் அழுந்தினால் விசிலடிக்கும்; வியர்வையும் அதற்கு ஆகாது. ஆகவே கழற்றி வைத்துவிட்டுத்தான் பயிற்சி செய்கிறேன்.

உயிரியல் படிக்கும் தோழியருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். உட்காதில் கேட்கும் உறுப்பும், உடலின் சமநிலையை உணரும் அரைவட்டக் கால்வாய்களும் அடுத்தடுத்தே உள்ளன. அதனால் செவிப்புலன் இழந்தோரில் சிலருக்குச் சமநிலையும் தளர்ந்திருக்கும். கண்ணையும் பாதத்தின் உணர்வையும் நம்பியே அவர்கள் நிற்கிறார்கள். விருட்சாசனத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் அப்படியொருத்தியிடம் கண்ணை மூடச் சொன்னால் அவள் விழுவாள். நானும் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தே நிற்கிறேன். சமநிலைப் பயிற்சி எம்மைப் போன்றவர்களுக்கே கூடுதலாகத் தேவை என்பதையும் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

இப்போதைய ஆசிரியை முதலில் ஆசனத்தை முழுமையாகச் செய்து காட்டுவார். பிறகுதான் நாங்கள் செய்வோம். எங்களை அரைவட்டமாக நிறுத்துவார். எண்ணிக்கை விரல்களில். கை உயர்ந்தால் மூச்சு உள்ளே, தாழ்ந்தால் வெளியே. சவாசனம் முடிந்ததும் பாதத்தை மெதுவாகத் தொடுவார். மரத்தரையில் தட்டினால் அதிர்வு வருமாம். எங்கள் வீட்டுச் சீமெந்துத் தரையில் அது நடக்காது.

இது எனக்குப் புதிதுமல்ல. றமழானில் பெண்கள் ஜமாஅத்தாகத் தராவீஹ் தொழும்போது, ஸுஜூதிலிருந்து எழும் தக்பீர் எனக்குக் கேட்பதில்லை. பக்கத்திலிருக்கும் உம்மாவின் தோள் அசையும், நானும் எழுவேன்.

"முஸ்லிம் பிள்ளைக்கு யோகா கூடுமா?" என்று கேட்போரும் உண்டு. நியாயமான கேள்விதான். மலேசியாவின் தேசிய ஃபத்வா சபை 2008இல், மந்திரமும் வழிபாட்டு அம்சங்களும் கலந்த யோகா ஆகாது என்றது. மந்திரமின்றி உடற்பயிற்சியாகச் செய்யலாம் என அன்றைய பிரதமர் அப்துல்லா அஹ்மத் படாவி விளக்கமளித்தார். சவூதி அரேபியா 2017இல் யோகாவை விளையாட்டாக அங்கீகரித்தது. அதற்காக உழைத்த நவ்ஃப் மர்வாய் என்ற சவூதிப் பெண்மணிக்கு அடுத்த ஆண்டு இந்தியா பத்மஸ்ரீ விருது வழங்கியது. என்னைப் பொறுத்தவரை மந்திரத்தை விட்டு அசைவை எடுத்துக்கொள்கிறேன். எப்படியும் உனக்கு மந்திரம் கேட்கப்போவதில்லையே என்று ராத்தா சிரிப்பாள்.

ஐ.நா. சபை 2014இல் ஜூன் 21ஐச் சர்வதேச யோகா தினமாகப் பிரகடனம் செய்தது. அன்றைய மேடைகளில் ஒலிபெருக்கி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எமக்குப் பயனில்லை; பக்கத்தில் சைகை மொழி தெரிந்த ஒருவர் நின்றால் பயனுண்டு. இந்தியச் சைகை மொழி அகராதியில் 2021லேயே 10,000 சொற்கள் சேர்ந்துவிட்டன. நாமும் தூரம் போக வேண்டியதில்லை. 1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய செவிப்புலனற்றோர் பாடசாலை தெஹிவளைக்கு அருகே இரத்மலானையில் இருக்கிறது. யோகா கற்பிப்பவர்கள் ஒரு நாள் அங்கு சென்று, சத்தமில்லாமல் ஒரு வகுப்பு எப்படி நடக்கிறதென்று பார்த்து வரலாம்.

அதுவரை எமது மண்டபத்தில் ஒரு சிறு ஏற்பாடு போதும். மின்விளக்கின் ஆளி கதவருகேதான் இருக்கிறது. ஆசனம் மாறும்போது ஒரு தடவையும், சவாசனம் முடியும்போது இரண்டு தடவையும் யாராவது அதை அணைத்துப் போட்டால் நான் பார்த்துக்கொள்வேன்.