குப்புறப் படுக்க வைத்தால் பதறாதீர்கள்!

தோழர்களே, பிள்ளை குப்புறப் படுத்தால் “நெஞ்சு அமுங்கும், நேரா படு” என்று அதட்டுகிற வீடு நம் வீடு. அப்படி வளர்ந்த நாம், பெரியாஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்பாவோ அண்ணனோ வாயில் குழாயோடு முகங்கவிழ்ந்து கிடப்பதைக் கண்டால் என்ன செய்வோம்? “ஐயோ, மூச்சு முட்டிப் போயிடுமே! திருப்பிப் போடுங்க மிஸி!” என்று அழுவோம். அந்தப் பதற்றம் நியாயமானதே. ஆனால் அந்த வைத்தியத்தைத் தடுத்துவிடக் கூடாது.

கடுமையான நிமோனியா, எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல், இரத்தத்தில் கிருமி பரவுதல் போன்றவற்றால் சிலருக்கு நுரையீரல் முழுதும் நீர் கோத்துக்கொள்கிறது. நனைந்த சாக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். அடிச்சாக்கு நசுங்கிப் போகும். மல்லாந்து கிடக்கும் நோயாளிக்கும் இதே கதிதான். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது. மேலே இருதயம் அழுத்த, கீழிருந்து வயிறு தள்ள, அந்தப் பகுதி மூடிக்கொள்கிறது. இரத்தம் அங்கே போய்ப் பிராணவாயு கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்புகிறது. குப்புறத் திருப்பினால் மூடிய பகுதி திறக்கிறது. காற்றும் சமமாகப் பரவுகிறது.

இந்த யோசனை 1970-களிலேயே தோன்றியது. தினம் சில மணி நேரம் மட்டும் கவிழ்த்துப் பார்த்த 2001-ஆம் ஆண்டு ஆய்வில் பிராணவாயு ஏறியது. ஆனால் உயிர்ச்சேதம் குறையவில்லை. 2013-இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் 466 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், நோய் கடுமையானதும் தாமதிக்காமல், ஒரு தடவைக்கு 16 மணி நேரமாவது கவிழ்த்து வைத்தார்கள். 28 நாளில் மல்லாந்து கிடந்தவர்களில் 100-க்கு 33 பேர் இறந்தனர். கவிழ்ந்து கிடந்தவர்களில் 16 பேர்தான். 2020-இல் கோவிட் வந்தபோது உலகமெங்கும் இம்முறை கைகொடுத்தது.

குறையே இல்லையா? உண்டு. முகம் வீங்கும், கன்னத்திலும் நெஞ்சிலும் அழுத்தப் புண் வரலாம், குழாய் நழுவலாம். வீக்கம் பிறகு வடிந்துவிடும். முதுகெலும்பு முறிந்து நிலைகுலைந்தவர்களுக்கு இது ஆகாது. அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். இந்த வைத்தியத்துக்குத் தனி இயந்திரம் வேண்டாம், கைகள்தான் வேண்டும். ஒரு நோயாளியைத் திருப்ப நாலைந்து பேர் வேண்டும். ஒருவர் தலையையும் குழாயையும் பிடிக்க, மற்றவர்கள் ஒரே மூச்சில் புரட்ட வேண்டும். ஆள் பற்றாத வேலை எப்படி நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா? ஆகவே புதுக் கட்டடம், புது இயந்திரம் கேட்பதோடு நில்லாமல், போதுமான தாதியரையும் சேர்த்துக் கேட்பதே தொழிற்சங்கத்துக்கு அழகு. பிற தொழிலாளியின் வேலைப்பளுவும் நம் உயிரோடு கட்டப்பட்டதுதான்.

இன்னொன்று. எவ்வளவு நல்ல வைத்தியமானாலும் நேரத்தோடு போய்ச் சேர்ந்தவருக்கே பலன் தரும். காய்ச்சலோடு மூச்சு இரைத்தால் “ரெண்டு நாள் பார்ப்போம், சம்பளம் போயிடும்” என்று லயத்திலேயே கிடக்காதீர்கள். வீட்டில் குப்புறப் படுத்துச் சரிசெய்து கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். 999-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் உண்டு. அது யாரும் போடும் பிச்சையல்ல, நம் உரிமை.

நாளைக்கு உங்கள் உறவினரைக் கவிழ்த்து வைத்திருந்தால், “ஏன்? எத்தனை மணி நேரம்?” என்று தாராளமாகக் கேளுங்கள். பதில் தெரிந்த பின், திருப்பச் சொல்லி மல்லுக்கு நிற்காதீர்கள். பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது போதும்.