அடங்கிப் போனவர் சுகமானவரா?

நான் வழமையாகப் போய்வரும் கிராமமொன்றில் ஒரு அக்கா இருக்கிறார். இரண்டு பிள்ளைகளின் தாய். அவருக்கு இருதுருவ மனநிலைக் கோளாறு இருப்பதாக வைத்தியர்கள் சொல்லிச் சில வருடங்களாகின்றன. கிளினிக்கில் இதனை ‘பைபோலர்’ என்பார்கள். ஒருமுறை வருத்தம் கூடியபோது மூன்று இரவுகள் கண்மூடாமல் ஊரெல்லாம் நடந்து திரிந்தார். சீட்டு எடுத்த காசில் அயலட்டையில் உள்ளவர்களுக்கெல்லாம் சேலை வாங்கிக் கொடுத்தார். வைத்தியசாலையில் தங்கி மருந்தெடுத்த பின் வீடு திரும்பினார்.

சில மாதங்கள் கழித்து நான் போனபோது மாமியார் படலையடியிலேயே சொன்னார்: “பிள்ளை, இப்ப அவவாலை ஒரு கரைச்சலும் இல்லை. சத்தம் சந்தடி கிடையாது. தன்ரை பாட்டிலை ஒரு மூலையில இருக்கிறா.” எனக்கும் மகிழ்ச்சிதான். அக்காவிடம் “சுகமா?” என்று கேட்டேன். “ஓம்” என்றார். என் குறிப்புப் புத்தகத்தில் ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரண்டு கிழமைகளின் பின் அவருடைய மூத்த மகள் பாடசாலை விட்டு வரும் வழியில் என்னை மறித்தாள். “மிஸ், அம்மா இப்ப தலை இழுக்கிறதே இல்லை. கறிக்கு உப்புப் போட்டதோ எண்டும் தெரியாது. தான் இல்லாட்டி எங்களுக்கு நல்லது எண்டு சொல்லுறா.” அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். அக்கா இன்று நன்றாக இருக்கிறார். ஆனால் அந்தச் சிறுபிள்ளை கண்டுகொண்டதை, படித்துப் பயிற்சி பெற்ற நான் காணத் தவறினேன். சத்தத்தை மட்டுமே வருத்தம் என்று எண்ணியதே என் பிழை.

ஒரே நோய், இரண்டு முகங்கள்

இந்த நோயின் ஒரு முகம் மிகையெழுச்சி. அளவுக்கு மீறிய உற்சாகம், ஓயாத பேச்சு, நித்திரையின்மை, கண்டபடி செலவு, எரிச்சல் என்பன அதன் அடையாளங்கள். மறுமுகம் மனச்சோர்வு. மிகையெழுச்சி ஊருக்கே தெரியும். மனச்சோர்வோ வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஆனால் இந்நோயுள்ளவர்களை நீண்டகாலம் அவதானித்த ஆய்வுகளின்படி, அவர்களில் பெரும்பாலானோர் மிகையெழுச்சியில் கழிக்கும் காலத்தைவிட மனச்சோர்வில் கழிக்கும் காலமே பல மடங்கு அதிகம். உயிராபத்தும் இந்தப் பக்கத்திலேயே கூடுதலாக உள்ளது.

எமது சமூகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெண் உரத்துப் பேசினால் உடனே வைத்தியரிடம் கூட்டிச் செல்கிறோம். அவள் பேசாமல் கிடந்தால் ‘அடக்கமாகிவிட்டாள்’ என்று ஆறுதலடைகிறோம். வேலை செய்யாமல் கிடந்தால் ‘பஞ்சிக்காரி’ என்கிறோம். இரண்டு பெயர்களுமே நோயை மறைத்துவிடுகின்றன.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கீழுள்ளவற்றில் பல சேர்ந்து, ஏறத்தாழ ஒவ்வொரு நாளும், இரண்டு கிழமைகள் வரை தொடர்ந்தால் மனச்சோர்வு என்று சந்தேகிக்க வேண்டும்.

• நித்திரை மாறுதல். சிலர் விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கே விழித்துவிடுவர். பைபோலர் உள்ள பலர் இதற்கு மாறாக, பகலிலும் படுத்து, எவ்வளவு தூங்கினாலும் களைப்புத் தீராதிருப்பர்.

• சாப்பாடு குறைதல் அல்லது வழமையைவிடக் கூடுதல்.

• பேச்சும் நடையும் மந்தமாதல். கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரமெடுக்கும். கைகால் ஈயமாய்க் கனப்பதாகச் சொல்வர்.

• விருப்பமான காரியங்களில் ஈடுபாடு அற்றுப்போதல். பூமரத்துக்குத் தண்ணீர் விடாமை, கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ போக மறுத்தல், குளிக்கவும் உடை மாற்றவும் மனமில்லாமை.

• சின்ன முடிவும் எடுக்க இயலாமை. என்ன சமைப்பது என்பதே மலையாகத் தெரியும்.

• குற்றவுணர்வு. மிகையெழுச்சியில் செய்த செலவுகளையும் பேசிய பேச்சுகளையும் நினைத்துத் தம்மையே வெறுத்தல்.

• தலையிடி, நெஞ்சுப் பாரம், உடம்பு உளைவு எனக் காரணம் பிடிபடாத உபாதைகள்.

• “நான் உங்களுக்குப் பாரம்”, “நான் இல்லாட்டி நல்லது” போன்ற பேச்சு.

சோகமும் பதற்றமும் ஒன்றாக வருவதும் உண்டு. அழுதபடியே அமைதியின்றி முன்னும் பின்னும் நடப்பார்கள். இந்தக் கலப்பு நிலை மிகவும் ஆபத்தானது. தாமதிக்கக் கூடாது.

பிள்ளை பெற்ற பின் வரும் கிழமைகளில் இந்நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். எனவே பைபோலர் உள்ள கர்ப்பிணிகள் அதுபற்றி மகப்பேற்று கிளினிக்கிலும் குடும்ப நல மாதுவிடமும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

வீட்டார் செய்யக்கூடியவை

முதலில், ஒவ்வொருவருக்கும் முன்னறிகுறி வேறு என்பதை அறியுங்கள். எங்கள் அக்காவுக்கு அது தலை இழுக்காமை. அவர் சுகமாக இருக்கும் நாட்களில் பக்கத்தில் இருந்து கேளுங்கள்: “போனமுறை தொடங்கும்போது முதல் என்ன மாறினது?” அதைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். நித்திரை எத்தனை மணிநேரம் என்பதை நாட்காட்டியில் குறிப்பதும் வைத்தியருக்குப் பெரிதும் உதவும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். மந்தம் மருந்தினாலும் வரலாம். லித்தியம் எடுப்பவர்களுக்குத் தைரொயிட் சுரப்புக் குறைந்தாலும் சோர்வு வரும். எது என்பதை இரத்தப் பரிசோதனை செய்து வைத்தியரே சொல்ல வேண்டும். புதிய வைத்தியரிடம் போனால், “முந்தி ஒருமுறை மிகையெழுச்சி வந்தது” என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரையை மாத்திரம் தனியே எடுத்தால் சிலருக்கு மிகையெழுச்சி திரும்பக் கிளம்பிவிடும்.

“மனதைத் திடப்படுத்து”, “பிள்ளைகளை நினைத்துப் பார்” என்று புத்தி சொல்வதால் பயனில்லை. அவர் பிள்ளைகளை நினைத்துத்தான் குற்றவுணர்வில் கிடக்கிறார். “எழும்பு, ரண்டு பேருமாய் கிணத்தடிக்குப் போவம்” என்று ஒரு சிறு காரியத்துக்குத் துணையாகக் கூப்பிடுங்கள்.

உயிரை மாய்க்கும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்கப் பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. “சாக வேணும் எண்டு யோசிக்கிறீங்களா?” என்று மெதுவாக, நேரடியாகக் கேளுங்கள். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிநாசினியை வீட்டிலிருந்து அகற்றுங்கள். மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் வைத்து வேளைக்கு வேளை கொடுங்கள். உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் சேவை உண்டு. ஆலோசனைக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

இப்போது நான் வீடுகளுக்குப் போகும்போது “சுகமா?” என்று கேட்டு ‘ஓம்’ என்ற பதிலோடு திரும்புவதில்லை. “இண்டைக்கு எத்தினை மணிக்கு எழும்பினீங்க? என்ன சமைச்சீங்க? கடைசியா எப்ப சிரிச்சீங்க?” என்று கேட்கிறேன். வீட்டில் உள்ள பிள்ளைகளிடமும் ஒரு சொல் கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ அயலிலோ இந்நோயுள்ள ஒருவர் அண்மையில் ‘அடங்கிப்’ போயிருந்தால், இன்று பின்னேரமே அவரிடம் போய் இருந்து இப்படிக் கேட்டுப் பாருங்கள்.