நாற்பது வாட் சங்கீதம்

ரேடியோவில் பாட்டுக் கேட்பதற்குத் திருகு ஒன்றைத் திருப்பினால் போதும். பாட்டை ஆகாயத்தில் ஏற்றி அனுப்புவதல்லவோ வித்தை! சென்னையில் ஸ்ரீ சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் 1924-இல் 'சென்னை ராஜதானி ரேடியோ கிளப்'பைக் கூட்டி, ஜூலை 31-ஆம் தேதி அதைச் செய்தே காட்டினார்கள். கருவியின் சக்தி 40 வாட். பழைய இழைவிளக்கு ஒன்று குடிக்கும் மின்சாரந்தான்!

மத்திய அலையின் குணம் விசித்திரமானது. பகலில் பூமியைத் தழுவிக்கொண்டு சிறிது தூரமே செல்லும். இருட்டியதும் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் போய்விடும். சொற்ப சக்தியுள்ள அமெச்சூர்களுக்கு இரவே துணை. (அந்த ஒலிபரப்பு வரிசை இன்று அவர்களுக்குத் திறந்ததல்ல; நமக்கு அதில் வருத்தமே.)

பின்னர் 200 வாட் கருவியும் வந்தது. ஆனால் ஆகாயக் கச்சேரிக்கு வாயிற்கதவு ஏது? டிக்கெட் இல்லாமலே யாரும் கேட்கலாம். பணமுடையால் கிளப் 1927-இல் ஓய்ந்தது. அதே ஆண்டில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒரு கம்பெனி பெரிய நிலையங்களைத் திறந்தது, சென்னைக்கு ஒன்றுமில்லை.

கிளப்பார் கருவியை நகரசபைக்கு அளித்துவிட்டார்கள். 1930 மார்ச்சில் கம்பெனி கலைந்தது. ஏப்ரல் முதல் தேதியன்று சென்னை நகரசபை ஒலிபரப்பத் தொடங்கிற்று. 1938-இல் அகில இந்திய ரேடியோ வரும்வரை அது ஓயவில்லை.