தாத்தாவின் சட்டைப் பொத்தானை நீங்கள் போட்டுவிடாதீர்கள்

படிவம் 3 அறிவியலில் முதல் பாடமே தூண்டலும் துலங்கலும்தான். பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று படம் வரைந்து பெயர் குறிக்க நம் மாணவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பெருமூளையின் ஒரு பகுதி பழுதானவர் மீண்டும் நடக்க எப்படிக் கற்றுக்கொள்கிறார் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். பக்கவாதம் வந்த தாத்தாவோ பெரியம்மாவோ நம்மில் பலர் வீட்டில் இருக்கிறார்கள். அதனால் இந்த அமைதி எனக்குச் சரியாகப் படவில்லை.

பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போவது அடைபடுகிறது, அல்லது அங்கே இரத்தக் குழாய் வெடிக்கிறது. அப்பகுதி நரம்பணுக்கள் இறந்துவிடுகின்றன. உடலின் வலப்பக்கத்தை இயக்குவது மூளையின் இடப்பக்கம். ஆகவே இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் வலக் கையும் வலக் காலும் ஓய்ந்துபோகும். அந்தக் கையில் தசையும் எலும்பும் அப்படியேதான் இருக்கின்றன. மூளையிலிருந்து கட்டளை வரும் வழிதான் அறுந்துவிட்டது. எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் மட்டும் கை எழாததற்குக் காரணம் இதுவே. உருவிவிடுவது இதமாக இருக்கும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் வேலை செய்வது உருவுகிறவரின் மூளை, தாத்தாவின் மூளை அல்ல.

இறந்த அணுக்கள் திரும்புவதில்லை. பிறகு மறுவாழ்வு மையத்தில் என்னதான் நடக்கிறது? அமெரிக்க ஆய்வாளர் ரண்டோல்ஃப் நூடோவும் அவர் குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. மூளையில் சிறு பாதிப்பு ஏற்பட்ட குரங்குகளுக்குக் கையால் உணவை எடுக்கும் பயிற்சியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். பயிற்சி இல்லாத குரங்குகளின் மூளையில், பாதிப்புக்கு அருகே கையை இயக்கிய பகுதி மேலும் சுருங்கியது. பயிற்சி பெற்றவற்றில் அது சுருங்கவில்லை. சிலவற்றில், முன்பு முழங்கைக்கும் தோளுக்கும் உரியதாக இருந்த பகுதிகூடக் கையின் வேலையை ஏற்றுக்கொண்டது. மூளை தன் வேலைப் பங்கீட்டை மாற்றிக்கொள்ளும். ஆனால் பயன்படுத்தும் உறுப்புக்குத்தான் இடம் ஒதுக்கும்.

எத்தனை முறை பயன்படுத்த வேண்டும் என்பதுதான் அடுத்த கேள்வி. விலங்கு ஆய்வுகளில் ஒரு நாளைக்கு 400 முதல் 600 முறை வரை அசைவைச் செய்ய வைத்தார்கள். கேத்தரின் லாங் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாத நோயாளிகள் ஒரு சிகிச்சை நேரத்தில் கையைக் கொண்டு பயனுள்ள அசைவுகளைச் செய்தது சராசரியாக 32 முறைதான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மலாக்காவில் உள்ள சொக்சோ மறுவாழ்வு மையத்தில் நடக்கப் பழக்கும் ரோபோ கருவிகள் இருக்கின்றன. அவற்றின் பெரிய பலமே அலுக்காமல் ஒரே அசைவைப் பலமுறை செய்ய வைப்பதுதான். ஆனால் மையத்தில் இருக்கும் நேரம் கொஞ்சம். மற்ற நேரமெல்லாம் வீட்டில்.

வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? பாவம் என்று எல்லாவற்றையும் நாமே செய்துவிடுகிறோம். பொத்தான் போட்டுவிடுகிறோம், செருப்பை மாட்டிவிடுகிறோம். வலக் கை விழுந்தவர் சாப்பாட்டில் படும் பாடு தனி. இடக் கையால் உண்பது நமக்குக் கூச்சம். உடனே யாராவது கரண்டியோடு ஊட்ட உட்கார்ந்துவிடுகிறார்கள். சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோவது விரலுக்கும் மணிக்கட்டுக்கும் எவ்வளவு நுட்பமான பயிற்சி! அதை அன்பினாலேயே பறித்துவிடுகிறோம்.

இதன் விளைவை எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளர் விளக்கினார். ஒரு கையின் உணர்ச்சி நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்கு, முதலில் அந்தக் கையை அசைக்க முயன்று தோற்கிறது. பிறகு முயல்வதையே விட்டுவிடுகிறது. அசைக்க முடியும் நிலை வந்த பின்னும் அதைத் தொடுவதில்லை. ‘பயன்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது’ என்றார் டாப். நல்ல கையைக் கட்டிப் போட்டதும் அது மற்றக் கையைப் பயன்படுத்தத் தொடங்கியது. (அவருடைய குரங்குச் சோதனைகள் 1981-இல் பெரிய வழக்காயின. அது வேறொரு விவாதம், செய்ய வேண்டிய விவாதமும்கூட.) இதே முறையை 222 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. மணிக்கட்டையும் விரலையும் ஓரளவு அசைக்க முடிந்தவர்கள் அவர்கள். நல்ல கைக்கு உறை மாட்டி, 2 வாரம் பலவீனமான கையையே பயன்படுத்த வைத்தார்கள். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட இவர்கள் கை நன்றாகத் தேறியது. ஓராண்டு கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்தது.

இதைப் படித்துவிட்டு இன்று மாலையே தாத்தாவை எழுப்பி நடக்க வைக்காதீர்கள். மலேசிய, சிங்கப்பூர் மருத்துவமனைகளும் பங்கேற்ற ‘அவெர்ட்’ ஆய்வு 2015-இல் வெளியானது. மொத்தம் 2,104 நோயாளிகள். பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே தீவிரமாக எழுப்பிப் பயிற்சி கொடுத்தவர்களில் 46 விழுக்காட்டினரும், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 50 விழுக்காட்டினரும் 3 மாதத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். அவசரம் பலன் தரவில்லை. எப்போது, எவ்வளவு என்பதைச் சிகிச்சையாளர்தான் சொல்ல வேண்டும். விழும் ஆபத்தும், விழுங்கும்போது புரையேறும் ஆபத்தும் உண்டு.

ஆகவே அடுத்த முறை தாத்தாவை மையத்துக்கு அழைத்துப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். எந்த அசைவை, ஒரு நாளைக்கு எத்தனை முறை, எப்படிப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சமையலறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போடுங்கள். பொத்தான் போட 10 நிமிடம் ஆனால் ஆகட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். வார முடிவில் அந்தத் தாளைச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். அடுத்த வாரத்துக்கு என்ன மாற்ற வேண்டும் என்று அவர் சொல்வார்.