பல் பிடுங்கிய பாபா யாகா

மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியோ டீயோ கையில வச்சுக்கிட்டு உட்காருங்க.

இங்கிலீஷ்ல பதின்ம வயசுக்காரங்க படிக்கிற நாவல்களைப் பார்த்தா, பத்துப் பதினஞ்சு வருஷமா ரஷ்யக் காட்டுக்குள்ள நல்ல கூட்டம். லீ பார்டுகோவோட 'ஷேடோ அண்ட் போன்' 2012-ல வந்துச்சு. சாரா போர்ட்டரோட 'வாஸா இன் த நைட்' 2016. கேத்தரின் ஆர்டன் 2017-ல 'த பேர் அண்ட் த நைட்டிங்கேல்'ல ஆரம்பிச்சு 2019-க்குள்ள மூணு பாகம் எழுதி முடிச்சிட்டாங்க. இதுல சிலது பெரியவங்களுக்குன்னு போட்ட புத்தகம்தான். ஆனா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து படிக்குதுக. என் அக்கா மகளும் அதுல ஒருத்தி. அவ அலமாரியில இருந்து ஒவ்வொண்ணா உருவிப் படிச்சதோட விளைவுதான் இந்தப் பதிவு.

ரஷ்யக் கதை நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல பாத்துக்கிடுங்க. மாஸ்கோவுல தமிழ்லயே அச்சடிச்சு, வழவழ தாளு, கலர்ப் படம்னு அள்ளிக் கொடுத்தாங்க. முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம்னு பேரைச் சொன்னாலே ஒரு தலைமுறைக்கு அந்தத் தாளு வாசனை மூக்குல ஏறும். என்சிபிஎச் கடையில சல்லிசா கிடைக்கும். 1991-ல சோவியத் உடைஞ்சதோட அந்த வரத்து நின்னுபோச்சு. ஆனா வஸிலிசா, கோழிக்கால் குடிசை, சாகாத கோஷ்செய் எல்லாம் மண்டைக்குள்ள தங்கிட்டாங்க. கோஷ்செய்யோட உயிர் ஊசி நுனியில, ஊசி முட்டைக்குள்ள, முட்டை வாத்துக்குள்ள, வாத்து முயலுக்குள்ள. ஏழு கடல் தாண்டி கிளிக்குள்ள உசுரை ஒளிச்சு வச்ச நம்மூர் மந்திரவாதிக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் மாதிரி :-)

பழைய கதையைப் புதுசா சொல்றது தப்பான்னு கேட்டா, கிடையவே கிடையாது. நம்ம வில்லுப்பாட்டுக்காரர் ஒவ்வொரு கொடையிலயும் அதைத்தானே செய்யுறாரு? என் கட்சி ஒண்ணே ஒண்ணுதான்: சட்டையை மாத்து, ஊரை மாத்து, முடிவைக்கூட மாத்து. கதையோட பல்லை மட்டும் பிடுங்காதே.

சட்டையில தப்பு வந்தா சிரிச்சிட்டுப் போயிடலாம். பார்டுகோவோட நாயகி பேரு அலினா ஸ்டார்கோவ். ரஷ்ய வழக்கப்படி பொண்ணுன்னா ஸ்டார்கோவான்னு வரணும். அந்தக் கதையில குடிச்சுட்டுக் கூத்தடிக்கிறதுக்கு 'க்வாஸ்' வருது. க்வாஸ்ங்கிறது ரொட்டியைப் புளிக்க வச்சுச் செய்யுற லேசான பானம், சின்னப்பிள்ளைகூடக் குடிக்கும். பதநீர் குடிச்சிட்டு ஒருத்தன் தள்ளாடுனான்னு எழுதினா உடன்குடிக்காரன் சிரிப்பான்லா? அந்த மாதிரி. ரஷ்ய வாசகர்கள் கிண்டலடிச்சுத் தீர்த்துட்டாங்க. ஆனா இது அடிப்படைக் கோளாறு இல்ல.

கோளாறு வேற இடத்துல இருக்கு. வஸிலிசா கதையை நினைச்சுப் பாருங்க. சித்தி நெருப்பு வாங்கிட்டு வான்னு பாபா யாகா குடிசைக்கு அனுப்புறா. வேலியெல்லாம் மனுச எலும்பு, மேல மண்டையோடு. வேலையை முடிக்கலைன்னா தின்னுடுவேன்னு கிழவி சொல்றா, நிஜமாவே தின்னுடுவா. அம்மா சாகும்போது கொடுத்த பொம்மைதான் வேலையெல்லாம் செஞ்சு காப்பாத்துது. அம்மா ஆசீர்வாதத்தாலதான் எல்லாம் முடியுதுன்னு தெரிஞ்சதும் கிழவி அவளை வெளிய தள்ளுறா. தள்ளுறப்ப சும்மா அனுப்பலை. கண்ணு எரியுற மண்டையோடு ஒண்ணைக் கொடுத்து அனுப்புறா. அந்த நெருப்புதான் வீட்டுக்குப் போய் சித்தியையும் அவ மகள்களையும் சாம்பலாக்குது.

இப்ப சொல்லுங்க, பாபா யாகா நல்லவளா கெட்டவளா? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததுதான் கதையோட பல்லு. தின்னக்கூடியவதான் நெருப்பையும் தர்றா.

சோஃபி ஆண்டர்சன் 2018-ல எழுதின 'த ஹவுஸ் வித் சிக்கன் லெக்ஸ்'ல பாபா யாகா அன்பான பாட்டி. செத்தவங்களுக்குச் சாப்பாடு போட்டு, ஆடிப்பாடி, நட்சத்திரத்துக்கு வழியனுப்பி வைக்கிறா. அழகான புத்தகம், சின்ன வயசுப் பிள்ளைகளுக்கு நானே வாங்கிக் கொடுப்பேன். ஆனா அந்த வீட்டு வாசல்ல எனக்குப் பயமே வரலை. பயம் இல்லாத இடத்துல தைரியத்துக்கு என்ன வேலை?

சாரா போர்ட்டர் இதுக்கு நேர் எதிர். அவங்க வாஸா நியூயார்க்கோட புரூக்ளின்ல இருக்கா. பாபா யாகா ராத்திரிக் கடை நடத்துறா, கடை கோழிக்கால்ல நிக்குது, திருடினவன் தலை கம்பத்துல. வாஸா வாங்கப் போனது பல்பு! ஊரு, காலம், சாமான் எல்லாம் மாறிப்போச்சு, பல்லு அப்படியே இருக்கு. ஆர்டன் இன்னொரு வழியில போறாங்க. பழைய உறைபனிக் கதையில, குளிர்ல விறைச்சுக்கிட்டே 'குளிரலை'ன்னு பணிவா சொல்ற பொண்ணுக்குத்தான் பரிசு, முணுமுணுத்தவ செத்துப்போறா. ஆர்டனோட வாஸ்யா பொறுத்துப்போற ரகம் இல்ல. கல்யாணமா கன்னிமாடமான்னு கேட்டா ரெண்டும் வேணாங்கிறா. ஆனா பனியரசன் மட்டும் இன்னும் கொல்லக்கூடியவன்தான். பணிவுக்குப் பரிசுங்கிற நீதியை மாத்தினாங்க, குளிரை மாத்தலை.

இதெல்லாம் உனக்கு ஏன்லேன்னு கேக்குறீங்களா? நம்ம ஊர் குலசேகரன்பட்டினம். 2024 பிப்ரவரி 28-ல அடிக்கல் நாட்டினதுல இருந்து வெளியூர்க்காரங்களுக்கு ராக்கெட் தளம் வர்ற ஊரு. எங்களுக்கு எப்பவும் முத்தாரம்மன் கோயில் தசரா. விரதம் இருந்து ராஜா, குறத்தி, போலீஸ், கரடி, பிச்சைக்காரன்னு ஊரே வேஷம் கட்டி வீடுவீடா காணிக்கை வாங்கும். காளி வேஷம் வந்து நின்னா சின்னப்பிள்ளைக அலறும். அலறுற பிள்ளையைத் தூக்கிட்டுப் போய் அதே காளி கையாலதான் அம்மாக்காரி திருநீறு பூச வைப்பா. பயமும் அபயமும் ஒரே கையில. பாபா யாகாவைப் புரிஞ்சுக்க எங்க ஊருப் பிள்ளைக்குத் தனியா பாடம் வேண்டாம்.

பல்லைப் பிடுங்குறது வெள்ளைக்காரங்க மட்டும் செய்யுற வேலைன்னும் நினைச்சிராதீங்க. நம்ம தாமிரபரணிக் கரையில, காரையார் சொரிமுத்தையனார் கோயில்ல பட்டவராயனுக்கு இன்னைக்கும் செருப்பு காணிக்கை வைக்கிறாங்க. முத்துப்பட்டன்ங்கிற பிராமணன் சக்கிலியர் குலத்து அக்கா தங்கச்சி ரெண்டு பேரைக் கல்யாணம் பண்ணுறதுக்காகப் பூணூலை அறுத்துட்டுச் செருப்புத் தைக்கக் கத்துக்கிட்ட கதை அது. எவ்வளவு பெரிய பல்லு! அந்தப் பொண்ணுக நிஜத்துல பிராமணப் பிள்ளைக, காட்டுல கிடந்ததை எடுத்து வளர்த்தாங்கன்னு ஒரு ஒட்டு பிற்பாடு சேர்ந்துச்சு. இந்தக் கதைப்பாடலைப் பதிப்பிச்ச நா. வானமாமலை இந்த இடைச்செருகலைச் சுட்டிக்காட்டியிருக்காரு. ஒரே வரி சேர்த்ததுல கதைக்கு ஒரு பல்லு கூட மிச்சம் இல்ல. ஆனா கோயில்ல செருப்பு மட்டும் இன்னும் தொங்குது. அது பொய் சொல்லாது.

ரஷ்யாவுல அஃபனாசியேவ்னு ஒருத்தர் 1855-லயிருந்து 1863 வரைக்கும் அறுநூறுக்குப் பக்கம் கதைகளை அச்சேத்தினாரு. சமயக் கதைகளுக்குத் தடை, அரசாங்க வேலை போச்சு, கடைசியில வறுமையில செத்தாரு. அவரு சேத்த அந்தக் களஞ்சியத்து மேல நின்னுதான் இன்னைக்கு அமெரிக்காக்காரங்க நாவல் எழுதுறாங்க. நமக்கும் அஃபனாசியேவ்கள் உண்டு. வானமாமலை, கி. ராஜநாராயணன், கழனியூரன்னு நம்ம தெக்கத்தி ஆளுங்களே மூட்டை மூட்டையா சேத்து வச்சிருக்காங்க. அது மேல ஏறி நின்னு பதினஞ்சு வயசுப் பிள்ளைக்குத் தமிழ்ல நாவல் எழுதத்தான் ஆளு பத்தலை.

இசக்கியை எடுத்துக்கிடுங்க. நம்பினவனே நகைக்காகக் கொன்னுபோட்ட பொண்ணு. மறுபிறவியில கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, பழிவாங்க நடந்து வர்றா. சில சிலைகள்ல அவ வாயில பிள்ளையைக் கவ்வியிருப்பா. அவகிட்டதான் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுறாங்க! பாபா யாகாவுக்கு இவ எதுல குறைச்சல்? 2025 ஆகஸ்ட்ல வந்த 'லோகா'ங்கிற மலையாளப் படம் கள்ளியங்காட்டு நீலியைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து பறக்க விட்டுச்சு. கள்ளியங்காடு நாகர்கோவில் பக்கத்துல இருக்கு சாமி! நீலியும் இசக்கியும் ஒண்ணுன்னுதான் நம்ம பக்கத்து வில்லுப்பாட்டே பாடுது. மலையாளத்தான் முந்திக்கிட்டான்.

என் அக்கா மகளுக்குக் கோழிக்கால் குடிசைக்குள்ள எத்தனை அறைன்னு தெரியும். ஊர் எல்லையில இசக்கி ஏன் கோவமா நிக்கான்னு தெரியாது. அவ மேல குத்தம் சொல்ல மாட்டேன். அவ படிக்கிற மாதிரி யாரும் எழுதிக் கொடுக்கலை. தினமும் நாலு பதிவு எழுதுற நம்ம கூட்டத்துல ஒருத்தர் எழுதக்கூடாதா? எழுதுறவங்களுக்கு ஒரே வேண்டுகோள்: இசக்கியைப் பாவப்பட்ட பொண்ணா மட்டும் ஆக்கிராதீங்க, 'அவ ரொம்ப நல்லவ, ஊருதான் தப்பாப் புரிஞ்சுக்கிச்சு'ன்னு சமாதானமும் சொல்லாதீங்க. அவளுக்கு நியாயமும் இருக்கு, பல்லும் இருக்கு. ரெண்டையும் சேத்து எழுதுங்க.

பி.கு: உங்க ஊர் எல்லையில நிக்குற அம்மன் கதை தெரிஞ்சா பின்னூட்டத்துல போடுங்க. ஆச்சி சொன்ன மாதிரியே போடுங்க, நாகரிகமா திருத்திராதீங்க!